ஸ்கேன் சுத்தம்தான், பிள்ளை ஏன் பின்தங்குகிறது?

மார்த்தாண்டம், அருமனை, களியக்காவிளை பக்கம் ஒரு பிள்ளைக்குத் தலையில் கட்டி என்று தெரிந்தால், பல குடும்பங்கள் பஸ் ஏறுவது திருவனந்தபுரத்துக்குத்தான். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். சென்னையும் மதுரையும் அதைவிட எவ்வளவோ தூரம். எல்லை தாண்டினால் மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள்ளேயே மூளை அறுவைக்கு ஸ்ரீசித்ரா, கரண்டு என்று நாம் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் கீமோவுக்கும் 1981-இல் தொடங்கிய ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மையம், குழந்தைகள் மருத்துவத்துக்கு எஸ்.ஏ.டி. என்று எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. அறுவை, அது முடிந்து ஆறு வாரம் கரண்டு, அப்புறம் மாதக்கணக்கில் கீமோ என்று ஒரு வருடம் ஓடிவிடும். அந்த ஒரு வருடமும் அப்பாவின் ரப்பர் வெட்டு வேலையோ கடல் வேலையோ பாதி நாள் கிடையாது, அம்மையின் தாலிச் சங்கிலி அடகில் இருக்கும். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்து, கட்டி இல்லை என்று டாக்டர் சொல்வார். வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டாரிடம் "சொகக்கேடு மாறிட்டு" என்று சொல்லும்போது அம்மைக்கு வரும் நிம்மதி சாதாரணமானதல்ல. அதில் பொய்யும் இல்லை.

ஆனால் கட்டி போவது ஒன்று, பிள்ளை பழையபடி ஆவது இன்னொன்று. மூளைக் கட்டிக்கான சிகிச்சையின் பின்விளைவுகளில் கனமானவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம், ஐந்து வருடம், சில சமயம் இருபது வருடம் கழித்தே தலைகாட்டுகின்றன. அதற்குள் ஆஸ்பத்திரிப் போக்கு வருடத்துக்கு ஒருமுறை என்று சுருங்கியிருக்கும். முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் வகுப்பறையிலும் வீட்டிலும்தான். அங்கே இருக்கிற டீச்சருக்கும் அம்மைக்கும் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருப்பதில்லை. இந்த விஷயத்தில் இருக்கும் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம். மருந்தில்லாத பாதிப்புகள் சில உண்டு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கவனித்தால் சரிசெய்யக்கூடியவை அதைவிட அதிகம். கவனிக்காததால் கைவிட்டுப் போகிறவையும் அவைதான்.

உயிரைக் காத்ததே பாதிப்பையும் தருகிறது

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுக்கு அடுத்தபடி அதிகம் காணப்படுவது மூளைக் கட்டிகள்தான். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மெதுவாக வளரும் கட்டியை முழுக்க எடுக்க முடிந்தால் பெரும்பாலும் அறுவையோடு காரியம் முடிந்துவிடும். கரண்டும் வேண்டாம், கீமோவும் வேண்டாம். மெடுல்லோபிளாஸ்டோமா அப்படி விடாது. தலையின் பின்பக்கம், சிறுமூளையில் வருவது இது. 1925-இல் ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் இதற்குப் பெயர் வைத்த காலத்தில் இந்தக் கட்டி வந்த பிள்ளைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. கட்டியை அறுத்து எடுத்தாலும் அதன் செல்கள் மூளையைச் சுற்றி ஓடும் நீர் வழியே முதுகுத்தண்டு வரை இறங்கிவிடும். 1950-களில், கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் என்று நிறுத்தாமல் முழு மூளைக்கும் முழு முதுகுத்தண்டுக்கும் கரண்டு வைக்கத் தொடங்கிய பிறகுதான் பிழைக்கிறவர்கள் கூடினார்கள். கீமோ சேர்ந்தபோது இன்னும் கூடினார்கள். நோய் வேறிடம் பரவாமல், கட்டியையும் நன்றாக அகற்ற முடிந்திருந்தால், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இன்று பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள்.

ஆக, பின்விளைவுகளில் பெரும்பகுதியைத் தருகிற அதே கரண்டுதான் அந்த உயிரையும் காத்தது. இதைச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் "அப்படியென்றால் கரண்டு வைக்காமலே இருந்திருக்கலாமோ" என்ற குற்ற உணர்வு பெற்றோரின் நெஞ்சில் ஏறிவிடும். வைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

கதிர்வீச்சை கிரே என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். ஆபத்து குறைந்த பிரிவில் உள்ள பிள்ளைக்கு முழு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் 23.4 கிரே, பரவிய நோய்க்கு 36 கிரே, கட்டி இருந்த இடத்தில் எல்லாம் சேர்த்து 54 கிரே வரை. நாள்தோறும் சிறு சிறு பங்காக, முகத்துக்கு அச்சு எடுத்த மாஸ்க்கைப் போட்டு அசையாமல் படுக்கவைத்துக் கொடுப்பார்கள். பெரியவர்களின் மூளை இதை ஓரளவு தாங்கும். பிள்ளையின் மூளையோ இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை படிவது பிறந்ததிலிருந்து இருபது வயது தாண்டியும் நடக்கிற வேலை. மின்கம்பியின் மேலுறை மாதிரி அது. உறை சரியாக இருந்தால்தான் செய்தி வேகமாகப் போகும். அந்த உறையை உருவாக்கும் செல்களையும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களையும் கரண்டு தாக்குகிறது. வயது எவ்வளவு குறைவோ, அளவு எவ்வளவு கூடுதலோ, பட்ட இடம் எவ்வளவு பெரிதோ, பாதிப்பும் அவ்வளவு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழு மூளைக்குக் கரண்டு வைப்பதைத் தவிர்க்கவோ கீமோ கொடுத்துத் தள்ளிப்போடவோ டாக்டர்கள் பாடுபடுவது இதனால்தான்.

எல்லாப் பழியும் கரண்டின் மேல் இல்லை. கட்டி தானே இடத்தை அடைத்து, மூளை நீர் தேங்கி, அழுத்தம் ஏறி ஏற்படுத்தும் சேதம் உண்டு. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி என்று வரும் பிள்ளைக்கு வயிற்றுக்கோளாறு, கண்ணாடிப் பவர் என்று மாதங்கள் கழிவது நடக்கிறது. அந்த மாதங்களுக்கும் விலை உண்டு. அறுவையாலும் பாதிப்பு வரலாம். சிறுமூளை அறுவை முடிந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, ஓரிரு நாளில் திடீரென்று பேச்சே இல்லாமல் போவதுண்டு. மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு அறுவை செய்த பிள்ளைகளில் நாலில் ஒருவர் வரை இதைச் சந்திக்கிறார்கள். அழுகை, எரிச்சல், தள்ளாட்டம் எல்லாம் கூடவே வரும். பேச்சு வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். ஆனால் இப்படி ஆன பிள்ளைகளுக்குப் பின்னாளில் படிப்பும் நடையும் மற்றவர்களைவிடக் கூடுதல் சிரமமாக இருக்கும் என்பதால், பேச்சு வந்துவிட்டதே என்று பயிற்சியை நிறுத்தக் கூடாது.

மூன்றாம் வகுப்பில் தெரியாதது ஆறாம் வகுப்பில் தெரியும்

ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வோம். ஆறு வயதில் கட்டி, ஏழு வயதில் சிகிச்சை முடிந்து, எல்லைக்கு இந்தப்பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் மறுபடி உட்கார்ந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறது, திருக்குறள் ஒப்பிக்கிறது, கூட்டல் கழித்தல் போடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாம் வகுப்பும் ஒருவிதமாகப் போகிறது. ஐந்தில் கொஞ்சம் இழுக்கிறது. ஆறில் வகுத்தல், பின்னம், நீண்ட பத்தியை வாசித்துத் தானே விடை எழுதுவது என்று வந்ததும் நின்றுவிடுகிறது. "முன்னே நல்லா படிச்ச பிள்ளைதானே, இப்ப கவனமே இல்ல" என்று டீச்சர் சொல்வார். "நோயாளி என்று செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று உறவுக்காரர் சொல்வார்.

நடந்தது என்னவென்றால், பிள்ளை கற்றதை மறக்கவில்லை. புதிதாகக் கற்கும் வேகம் சம வயதுப் பிள்ளைகளைவிடக் குறைந்துவிட்டது. மற்றவர்கள் ஒரு வருடத்தில் சேர்க்கும் அறிவை இது ஒன்றரை இரண்டு வருடம் எடுத்துச் சேர்க்கிறது. அதனால் இடைவெளி ஒவ்வொரு வருடமும் விரிகிறது. முழு மூளைக்கும் கரண்டு வாங்கிய பிள்ளைகளின் ஐ.க்யூ. மதிப்பெண் வருடத்துக்கு 2 முதல் 4 புள்ளி வரை இறங்குவதைப் பழைய ஆய்வுகள் காட்டின. அந்த இறக்கத்துக்கும் இதே அர்த்தம்தான். வயதோடு ஒப்பிடுவதால் மதிப்பெண் இறங்குகிறது. தெரிந்தது தொலைந்து போவதில்லை.

அடிவாங்குவது முக்கியமாக மூன்று திறன்கள். ஒன்று, வேகம். கேள்வியைப் புரிந்துகொண்டு விடையை எடுத்துத் தாளில் வைக்க எடுக்கும் நேரம். இரண்டாவது, ஒரு விஷயத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வது. "நோட்டை எடு, தேதி எழுது, பலகையில் உள்ள மூன்றாவது கணக்கைப் போடு" என்றால் தேதி எழுதும்போதே கணக்கு எது என்பது போய்விடும். மூன்றாவது, கவனம். இந்தப் பிள்ளை வகுப்பில் ஓடியாடித் தொந்தரவு செய்யாது. சும்மா உட்கார்ந்திருக்கும். அதனாலேயே யார் கண்ணிலும் படாது. இவற்றோடு ஓயாத களைப்பு. மதியத்துக்கு மேல் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஒன்றும் ஏறாது. கணக்குப் பாடத்தை முதல் பீரியடில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? பத்துக் கணக்கு வீட்டுப்பாடம் என்றால் ஐந்து போதும். பலகையைப் பார்த்து எழுதும் வேலையைக் குறைத்துக் குறிப்பைக் கையில் கொடுக்கலாம். ஒரு நேரம் ஒரு கட்டளை. தேர்வில் கூடுதல் நேரம். வாய்மொழியாகக் கேட்டால் சொல்லும் பிள்ளையிடம் வாய்மொழியாகக் கேட்கலாம். இதற்கெல்லாம் காசு செலவில்லை. டீச்சருக்கு விஷயம் தெரிந்திருந்தால் போதும். சில பிள்ளைகளுக்குக் கவனக் குறைவுக்கான மருந்து உதவுகிறது. அதை நரம்பியல் டாக்டரோ மனநல டாக்டரோ பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஓட்டம், சைக்கிள் போன்ற உடற்பயிற்சியால் மூளைக்கும் பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நோயாளிப் பிள்ளை என்று பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்காரவைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எல்லைப்புறத்தில் இதில் இன்னொரு சிக்கல். அறிவுத்திறன் சோதனை செய்யும் உளவியலாளர் மலையாளத்தில் கேட்பார். குமரி மாவட்டத்து அப்பா அம்மைக்கு மலையாளம் தட்டுத்தடுமாறாமல் வரும். தமிழ்வழியில் படிக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு வராமல் இருக்கலாம். வேகம் ஏற்கெனவே குறைந்த பிள்ளை, கேள்வியை மனதுக்குள் தமிழில் மாற்றிக்கொண்டு விடை சொல்வதற்குள் நேரம் போய்விடும். சொற்கள் சார்ந்த பகுதிகளில் மதிப்பெண் குறைந்தால் அது கரண்டின் விளைவா, மொழியின் விளைவா என்று சொல்ல முடியாது. தமிழில் சோதிக்கக் கேட்பது பெற்றோரின் உரிமை. அது முடியாவிட்டால் எந்த மொழியில் சோதித்தார்கள் என்பதையாவது ரிப்போர்ட்டில் எழுதச் சொல்ல வேண்டும். மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலும் பாலக்காட்டுக் கிழக்குப் பகுதியிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

கேட்கிறது, ஆனால் புரியவில்லை

மெடுல்லோபிளாஸ்டோமா கீமோவில் சிஸ்பிளாட்டின் முக்கியமான மருந்து. உட்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய முடிச் செல்களை அது கொல்கிறது. போன செல் திரும்ப முளைக்காது. சிஸ்பிளாட்டின் வாங்கிய பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் காது பாதிக்கிறது. காதுக்கு அருகே கரண்டும் பட்டிருந்தால் இன்னும் கூடும். சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்தும் இது மோசமாகலாம்.

இது முழுச் செவிடு இல்லை என்பதுதான் ஏமாற்றுகிறது. முதலில் போவது உயர் சுருதி ஒலிகள். கூப்பிட்டால் பிள்ளை திரும்பும், டி.வி. பார்க்கும், பாட்டுக் கேட்கும். ஆனால் ச, ஸ, க, த போன்ற மெல்லிய, சட்டென்று முடியும் ஒலிகள் நழுவும். 'காசு'ம் 'காது'ம் ஒன்றுபோலக் கேட்கும். வீட்டில் அம்மையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசும்போது உதட்டசைவு ஈடுகட்டிவிடும். ஃபேன் ஓடும், நாற்பது பிள்ளைகள் இருக்கும், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் அறையில், டீச்சர் பலகைப் பக்கம் திரும்பிச் சொல்லும் டிக்டேஷனில் பாதி போய்விடும். ஏற்கெனவே வேகம் குறைந்த மூளைக்குக் காதும் சரியாகத் தராவிட்டால் படிப்பு என்னாகும்?

ஆகவே கையைத் தட்டிப் பார்த்துக் 'கேட்கிறது' என்று முடிவு செய்யக் கூடாது. உயர் சுருதி வரை அளக்கும் ஆடியோகிராம் வேண்டும். சிகிச்சை நடக்கும்போதும், முடிந்த பிறகு வருடந்தோறும். காது மெஷின் தேவைப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் விலையின்றி வாங்க வழி இருக்கிறது. டீச்சரின் குரலை நேரே பிள்ளையின் காதுக்குக் கொண்டுபோகும் சின்ன மைக் கருவிகளும் இருக்கின்றன. அதுவரை முதல் வரிசை பெஞ்ச், டீச்சரின் முகம் தெரியும் இடம்.

யூனிஃபார்ம் சொல்லும் சேதி

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது போன வருட யூனிஃபார்ம் அப்படியே பொருந்துகிறது என்றால், காசு மிச்சம் என்று அம்மை சந்தோஷப்படக்கூடும். மூளைக் கட்டிக்குச் சிகிச்சை எடுத்த பிள்ளையென்றால் அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய சேதி. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் உடம்பின் ஹார்மோன்களை நடத்துகின்றன. கரண்டு பட்டால் முதலில் மங்குவது வளர்ச்சி ஹார்மோன். அந்த இடத்துக்கு 18 கிரேவுக்கு மேல் போனாலே ஆபத்து உண்டு. 30 கிரேவுக்கு மேல் போனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து வருடத்துக்குள் குறைபாடு வந்துவிடுகிறது. முதுகுத்தண்டுக்கும் கரண்டு வைத்திருந்தால் இன்னொன்றும் சேரும். முதுகெலும்புகள் வளர்வது குறையும், கால்கள் வளரும். பேண்ட் கட்டையாகிக்கொண்டே போகும், சட்டை மட்டும் அப்படியே இருக்கும். அதனால் நிற்கும் உயரத்தோடு உட்கார்ந்த உயரத்தையும் அளக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அதுவே பாதி நோயறிதல்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி இருக்கிறது. கட்டி அடங்கி ஒரு வருடமாவது ஆன பிறகு தொடங்குவது வழக்கம். அது கட்டியைத் திரும்ப வரவழைக்கும் என்ற பயம் பல வீடுகளில் உண்டு. இதுவரையான ஆய்வுகள் அந்தப் பயத்தை உறுதிசெய்யவில்லை. விலை அதிகம், தினமும் போட வேண்டும், எலும்பின் வளர்முனை மூடிவிட்டால் உயரத்துக்குப் பயன் இல்லை. தாமதமாகக் கண்டுபிடித்தால் வாய்ப்பு போச்சு என்பது இதில் எழுத்துக்கு எழுத்து உண்மை.

பருவமடைதலிலும் குழப்பம் வரும். குறைந்த அளவு கரண்டு சில பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளை, எட்டு வயதுக்கு முன்பே பருவத்துக்குத் தள்ளும். அப்போது திடீரென்று உயரம் கூடுவதுபோலத் தெரியும், பிள்ளை தேறிவிட்டது என்று தோன்றும். ஆனால் எலும்பு சீக்கிரம் மூடி வளர்ச்சி நின்றுவிடும். அளவு அதிகமானால் நேர்மாறாகப் பருவமே தள்ளிப்போகும் அல்லது வராது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற கீமோ மருந்துகளும், தண்டுவடக் கரண்டில் கருப்பைப் பக்கம் சிதறும் கதிரும் பின்னாளில் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம். "வயசுக்கு வந்தா பாத்துக்கலாம்" என்று இதைத் தள்ளிவைப்பது நம் வீடுகளில் வழக்கம். டாக்டரிடம் பத்து வயதிலேயே கேட்டுவிடுவது நல்லது.

தைராய்டு பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் லேபில்தான் இது தவறிப்போகிறது. தைராய்டு டெஸ்ட் என்றால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பது வழக்கம். சாதாரண ஆட்களுக்கு அது போதும். ஆனால் டி.எஸ்.எச். சுரப்பதே பிட்யூட்டரிதான். பிட்யூட்டரியே அடிபட்ட பிள்ளைக்கு டி.எஸ்.எச். சரியாக இருப்பதாகக் காட்டும், உள்ளே தைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கும். பிள்ளை மந்தமாக, மலச்சிக்கலோடு, குளிர் தாங்காமல் இருக்கும், ரிப்போர்ட்டோ 'நார்மல்' என்று வரும். ஆகவே தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 டெஸ்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். நோய் வரும்போது உடம்பு தாங்க உதவும் ஹார்மோன் கார்டிசால். அதன் குறைபாடு அரிதானாலும் ஆபத்தானது. அந்தக் குறைபாடு இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்டிக் கொடுக்காவிட்டால் மயங்கி விழும். அதனால்தான் தைராய்டு மாத்திரை தொடங்கும் முன் கார்டிசாலைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள்.

கிரேனியோஃபரிஞ்ஜியோமா என்ற கட்டியில் கதையே ஹார்மோன்தான். பிட்யூட்டரியை ஒட்டியே வளர்வதால் அறுவைக்குப் பின் பிள்ளை குடம் குடமாகச் சிறுநீர் கழித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். டெஸ்மோபிரெசின் மருந்து இல்லாமல் முடியாது. ஹைப்போதலாமஸ் அடிபட்டால் அடங்காத பசி, ஏறிக்கொண்டே போகும் எடை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் ஏறும். "தீனியைக் குறைக்கச் சொல்லு" என்று ஊரெல்லாம் அம்மையைக் குறை சொல்லும். பசியை அடக்கும் உறுப்பே பழுதான பிள்ளை அது. அந்த அம்மைக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னும் தூரத்தில் இருப்பவை

வின்கிரிஸ்டின் மருந்து கால் நரம்பைத் தளர்த்தும். நடக்கும்போது செருப்பு கழன்று கழன்று போகிறதா, படியில் கால்விரல் தட்டுகிறதா என்று பாருங்கள். இது பெரும்பாலும் மெல்ல மெல்லத் தேறும். கண்ணில் புரை, பல் வேர் குட்டையாவது, கட்டி இருந்த பின்தலையில் முடி சரியாக முளைக்காதது எல்லாம் உண்டு. முடியைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைக்கு அது எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கலாம்.

மூளை நீரை வயிற்றுக்கு வடிக்கும் ஷண்ட் குழாய் வைத்த பிள்ளைக்கு அது எந்த வயதிலும் அடைக்கலாம். தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் மூன்றும் சேர்ந்தால் நேரே நரம்பு அறுவை உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கரண்டு பட்ட ரத்தக்குழாய்கள் வருடங்கள் போகப் போகச் சுருங்கலாம், இளம் வயதிலேயே பக்கவாதம் வரலாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் இந்தப் பிள்ளைகளுக்கு இருபது வயதிலேயே பார்க்க வேண்டியவை. புகை அறவே கூடாது. இரண்டாவது கட்டியும் ஒரு சாத்தியம். 1948-க்கும் 1960-க்கும் இடையே இஸ்ரேலில் தலைப்படை என்ற தோல்நோய்க்காக 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தலையில் கதிர் கொடுத்தார்கள். மூளையில் பட்டது சராசரியாக 1.5 கிரே மட்டும். அதற்கே பின்னாளில் அவர்களுக்கு, மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் மெனிஞ்ஜியோமா என்ற கட்டி வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கானது. பெரும்பாலான மெனிஞ்ஜியோமாக்கள் மெதுவாக வளர்பவை, எடுக்கக்கூடியவை. ஆனால் பார்க்க வேண்டும். முப்பது வயதில் தொடர்ந்து தலைவலி வந்தால், 'சின்ன வயதில் கரண்டு வைத்தது' என்ற ஒரு வரியை டாக்டரிடம் சொல்ல அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிகிச்சையும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது

பாதிப்பைக் குறைக்க டாக்டர்கள் பல வருடமாகப் போராடுகிறார்கள். 36 கிரே 23.4 ஆனது அப்படித்தான். மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு 18 ஆகக் குறைத்தால் என்ன என்று அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தார்கள். 2021-இல் வந்த முடிவு நம்பிக்கையைக் கொஞ்சம் தணித்தது: 18 வாங்கிய பிள்ளைகளுக்குக் கட்டி திரும்பி வருவது கூடியது. அதே ஆய்வில், கூடுதல் கரண்டு வைக்கும் இடத்தைச் சிறுமூளைப் பகுதி முழுக்க என்பதிலிருந்து கட்டி இருந்த இடம் மட்டும் என்று சுருக்கினால் குறைவில்லை என்பதும் தெரிந்தது. கட்டியின் மரபணு வகையைப் பார்த்து, நல்ல வகை என்றால் குறைக்கலாமா என்பதை இப்போது சோதிக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் தரும் காதுச் சேதத்தைத் தடுக்கும் சோடியம் தயோசல்ஃபேட் மருந்துக்கு, நோய் வேறிடம் பரவாத பிள்ளைகளுக்கென்று 2022-இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

புரோட்டான் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சென்னையில் 2019-இல் இந்தியாவின் முதல் புரோட்டான் மையம் அப்போலோவில் தொடங்கியது. நவி மும்பையில் டாடா மெமோரியலும் இப்போது தருகிறது. சாதாரணக் கரண்டு முதுகில் நுழைந்து இதயம், தைராய்டு, வயிறு வழியே வெளியே போகும். புரோட்டான் தண்டுவடத்தோடு நின்றுவிடும். அதனால் அந்த உறுப்புகளுக்கு நிச்சயமாக நல்லது. ஆனால் முழு மூளைக்கும் கரண்டு வேண்டும் என்றால் புரோட்டானிலும் முழு மூளைக்கும் படத்தான் செய்யும். வீட்டை விற்றுப் புரோட்டானுக்கு ஓடும் முன், இந்தப் பிள்ளையின் கட்டிக்கு அதனால் எவ்வளவு வித்தியாசம் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். சில கட்டிகளுக்குப் பெரிய வித்தியாசம், சிலவற்றுக்கு இல்லை. நேரத்தில் தொடங்கும் சாதாரணக் கரண்டு, மூன்று மாதம் தள்ளிப்போகும் புரோட்டானைவிட மேல்.

எல்லையில் விழும் இடைவெளி

மும்பை டாடா மெமோரியலில் சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கென்றே 1991-இல் தனி கிளினிக் தொடங்கினார்கள். அதன் பிறகு வேறு பெரிய ஆஸ்பத்திரிகளிலும் அந்த எண்ணம் பரவியது. ஆனால் குலசேகரத்திலோ கொல்லங்கோட்டிலோ இருக்கும் குடும்பத்துக்குச் சிக்கல் வேறு. சிகிச்சை ஒரு மாநிலத்தில், பள்ளி இன்னொரு மாநிலத்தில். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்கு, கேரளத்தின் காருண்யா திட்டம் கேரளக் குடும்பங்களுக்கு. காப்பீடுகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் அறுவைக்கும் சிகிச்சைக்கும் கைகொடுக்கின்றன. பத்து வருடம் தொடரும் ஹார்மோன் ஊசியும் லேப் டெஸ்டும் கைக்காசில்தான். கேரள ஆஸ்பத்திரியின் பைல் குழித்துறை டாக்டரிடம் இல்லை. குழித்துறை டாக்டர் காய்ச்சலுக்குப் பார்க்கும் பிள்ளைக்குப் பிட்யூட்டரி அடிபட்டிருப்பது அவருக்குத் தெரியாது.

இதை ஒரே தாளால் பெருமளவு சரிசெய்யலாம். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, சிகிச்சைச் சுருக்கம் வேறு. கட்டியின் பெயர், அறுவைத் தேதி, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எத்தனை கிரே, கீமோ மருந்துகளின் பெயரும் மொத்த அளவும், ஷண்ட் இருக்கிறதா, இனி எந்தெந்த டெஸ்ட் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை. இவ்வளவையும் இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். போனில் போட்டோ எடுத்து வையுங்கள். ஊர் டாக்டருக்கு ஒரு பிரதி.

பள்ளிக்குக் கொடுப்பதில் பெற்றோருக்குத் தயக்கம் உண்டு. நோயை மறைத்துவைத்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சுக்கு நல்லது என்ற கணக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளை வீட்டில். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் எப்படிப் பேசும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் டீச்சருக்குச் சொல்லாமல் விட்டால் பிள்ளை பன்னிரண்டு வருடம் 'சோம்பேறி' என்ற பெயரோடு படிக்க வேண்டியிருக்கும். முழு வரலாறும் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக எழுதும், காது கொஞ்சம் மந்தம், களைப்பு வரும் என்ற மூன்று சேதி போதும்.

பத்தாம் வகுப்புக்கு இது போதாது, அங்கே சான்றிதழ் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைத் தரச் சொல்கிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், இந்தப் பிள்ளைகளுக்குக் காதில் கொஞ்சம், கையில் கொஞ்சம், கற்றலில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும் பாதிப்பு, தனித்தனியே பார்த்தால் சான்றிதழில் கேட்கும் 40 விழுக்காட்டுப் பாதிப்பு என்ற வரம்பை எட்டாமல் போகலாம். அதற்காகத் திரும்பி வந்துவிட வேண்டாம். மருத்துவக் குழுவிடம் எல்லாப் பாதிப்பையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லலாம். 40 விழுக்காடு எட்டாதவர்களுக்கும் எழுதுவதில் சிரமம் இருந்தால் எழுத்தர் உதவியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரை எட்டாம் வகுப்பிலேயே பார்த்துவிடுவது நல்லது. கேரள ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட், தமிழ்நாட்டு மருத்துவக் குழுவின் சான்று, தலைமையாசிரியரின் கடிதம் மூன்றும் கையில் சேர எப்படியும் மாதங்கள் ஆகும். பத்தாம் வகுப்பின் ஜனவரியில்தான் இதற்காக ஓடத் தொடங்கினால் மார்ச்சில் தேர்வு வந்துவிடும்.